நந்தினியில் வெந்நீர் வரவில்லை

தஞ்சாவூரில் அறை எடுத்தால் அந்தக் காலத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டும் சாவியும் கொடுப்பார்கள். இப்போது ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதைக் கதவில் காட்டினால் பச்சை விளக்கு மினுக்கி, உள்ளே சோழ சாம்ராஜ்யம் திறக்கிறது. ஏ.சி.யும் கூடவே ஓடத் தொடங்குகிறது.

தங்கை மகள் கல்யாணத்துக்காக மாப்பிள்ளை வீட்டார் பிடித்திருந்த ஓட்டல் அது. ஊருக்கு வெளியே, புறவழிச் சாலையை ஒட்டி, மூன்று மாடி. முதல் மாடி சோழர், இரண்டாம் மாடி நாயக்கர், மூன்றாம் மாடி மராட்டியர். தொல்லியல் துறை தோண்டினாலும் கீழிருந்து மேலாக இதே வரிசைதான் வரும் என்பதால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அறைகளுக்கு எண் கிடையாது, பெயர்தான். சோழர் மாடியின் பெயர்ப்பட்டியலைக் கல்வெட்டைப் பார்த்து எழுதவில்லை, கல்கியைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', 2022இலும் 2023இலும் இரண்டு பாகச் சினிமாவாக வந்தபிறகு, தஞ்சாவூரில் எந்தச் சோழன் நிஜம், எந்தச் சோழன் கதை என்று பிரித்துச் சொல்ல ஒரு தனி இலாகா வேண்டியிருக்கிறது. பெரிய கோயிலுக்குப் பொன்னும் படிமமும் வாரிக் கொடுத்த குந்தவையின் கணக்கு அங்கே கல்லிலேயே இருக்கிறது. ஓட்டலில் அவளுக்கு லிஃப்டை ஒட்டிய சின்ன அறை. கல்கியின் பேனாவில் பிறந்த நந்தினிக்கு மூலை அறை, பால்கனியோடு.

தங்கை மகன் கையில் பட்டியலோடு வாசலில் நின்றான்.

"பெரியத்தை, நீங்க குந்தவை. சித்தப்பா, உங்களுக்கு வந்தியத்தேவன், செந்திலோட ஷேரிங். மாமா, நீங்களும் அத்தையும் நந்தினி."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் நந்தினி என்ற பெயர் எங்களுக்கு நடுவே வந்தது அப்போதுதான் முதல் தடவை.

அன்று மாலை முழுக்க அந்த நடையில் கேட்ட வசனங்களைக் கல்கி எழுதியிருக்க மாட்டார். "வந்தியத்தேவன்ல ரெண்டு பெட்ஷீட் எக்ஸ்ட்ரா கேக்கிறாங்க." "ஆழ்வார்க்கடியான் சாவி யாருகிட்ட இருக்கு?" "பழுவேட்டரையர் ரூம்ல குழந்தை தூங்குது, சத்தம் போடாதீங்க." மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் போனில், "சரபோஜிக்கு ரெண்டு காபி, ஒண்ணு சர்க்கரை இல்லாம." எங்கள் அறைக்கு ஒரு குறை இருந்தது. அதை என் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊருக்கே அறிவித்தாள்: "நந்தினியில வெந்நீர் வரலை!"

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் பெரிய கோயில் விமானம், மரத்தில் செதுக்கி, பின்னால் மஞ்சள் விளக்கு போட்டு. நிஜ விமானம் 216 அடி உயரம். இது இரட்டைக் கட்டிலின் அகலத்துக்கு அடங்கியிருந்தது. சுவரில் வீணை ஒன்று சாய்வாகத் தொங்கியது. இருபத்து நான்கு மெட்டும் இருந்தன, ஏழு தந்தியும் இல்லை. தந்தி இருந்தால் குழந்தைகள் இழுப்பார்கள் என்று அறைப் பையன் விளக்கினான். மூலை மேசையில் ராஜாவும் ராணியுமாகத் தலையாட்டி பொம்மைகள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிட வேண்டும் என்பதற்காகவே அடியில் கனம் வைத்துச் செய்கிற பொம்மை அது. 2008-09இல் புவிசார் குறியீடு வாங்கியதும் அந்த ஒரு திறமைக்காகத்தான். இங்கே யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க மேசையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ராஜாவால் சாயவும் முடியாது, நிமிரவும் முடியாது.

குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் கரணங்கள். பெரிய கோயில் விமானத்தின் உள்ளே, மேல்தளச் சுற்றில், சிவனே ஆடிக் காட்டுகிற கரணச் சிற்பங்கள் உண்டு. 108இல் 81தான் செதுக்கி முடித்தார்கள். மீதி இருபத்தேழு கல்லும் வெறுமையாக நிற்கின்றன. ஏன் நின்றுபோனது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கோயிலைக் கட்டிய ராஜராஜனால் முடியாததைப் புறவழிச் சாலைக் கண்ணாடிக் கடைக்காரர் முடித்துவிட்டார். தடுப்பில் 108ம் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். வெந்நீர் வருகிற வரைக்கும் வேறு வேலை இல்லை.

பால்கனிக் கதவை மூடியிருந்த திரைச்சீலையிலும் விமானம் அச்சிட்டிருந்தது. அதை விலக்கினால் எதிரே ஒரு டைல்ஸ் கடையும், அதற்கு அப்பால் லாரிகள் நிற்கிற தாபாவும். "பால்கனிய திறக்காதீங்க சார், ஏ.சி. வெளிய போயிடும்," என்றான் பையன். திரையை மூடினேன். கோயில் மறுபடி வந்தது.

இதே ஊரில் எழுபதுகளின் கடைசியில் நான் தங்கிய லாட்ஜில் கோயில் இப்படித் திரையில் வந்ததில்லை. அதற்குத் திரையே கிடையாது. அப்போது நான் பள்ளிக்கூடங்களுக்கு நிலப்படமும் உருண்டையும் விற்கிற கம்பெனியில் பிரதிநிதி. மாயவரத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை என் ராஜ்யம். தஞ்சாவூர் அதன் தலைநகரம். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழே சைக்கிள் கடையும் மேலே பதினைந்து அறையுமாக ஒரு கட்டடம். ஒற்றை அறைக்கு நாளொன்றுக்கு எட்டு ரூபாய். கயிற்றுக் கட்டிலைவிடக் கொஞ்சம் உயர்ந்த ஜாதியில் ஒரு இரும்புக் கட்டில், தென்னைநார் மெத்தை, ஒரு கூஜா, ஒரு தம்ளர், ரசம் போன கண்ணாடி, சட்டை மாட்ட நான்கு ஆணி. சுவரின் ஒரே கலைப்படைப்பு உரக்கடை காலண்டர். அதில் வெங்கடாசலபதி, அவர் காலடியில் யூரியா மூட்டை. அந்த லாட்ஜுக்குத் தீம் என்று ஒன்று இருந்ததென்றால் அது மூட்டைப்பூச்சி. எல்லா அறையிலும் ஒரே தரமாகப் பராமரித்தார்கள்.

கல்லாவில் இருந்த பெரியவர் ஒரு நீளமான பேரேட்டை நம் பக்கம் தள்ளுவார். பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார், வந்த காரியம். "காரியத்தை ஒழுங்கா எழுதுங்க தம்பி. போலீஸ் வந்து பாப்பாங்க" என்பார். "நிலப்பட வியாபாரம்" என்று எழுதினால் அவருக்குத் திருப்தி இருக்காது. தமக்குத் தெரிந்த காரியம் எதுவோ அதில் சேர்த்து, 'சொந்த வேலை' என்று திருத்திக்கொள்வார்.

அந்தப் பேரேட்டின் மூதாதையைப் பெரிய கோயிலில் பார்க்கலாம். ராஜராஜன் 1010இல் கோயிலை முடித்துக் கலசம் வைத்தான். சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு ஆடல்பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். தளிச்சேரி என்று தெருக்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்று ஒவ்வொருத்திக்கும் கல்லில் பதிவு இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். எடுத்தபாதம் என்று ஒருத்தியின் பெயர். சேரமங்கை என்று இன்னொருத்தி. அரசன் கொடுத்ததையும் அவன் அக்கா குந்தவை கொடுத்ததையும் எழுதிய அதே கோயில் கல்லில் இவர்கள் வீட்டு வரிசையும் இருக்கிறது. தஞ்சாவூரில் இருப்பிடத்துக்கு ஆள் பெயர் போடுகிற பழக்கத்துக்கு வயது ஆயிரம் ஆகிறது என்று புது ஓட்டல்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் நடைகளில் எடுத்தபாதத்துக்கு ஓர் அறை இல்லை. ஆடுகிற உருவங்கள் சுவருக்குச் சுவர் இருந்தன. ஆடியவர்களின் பெயர்கள் சினிமாவில் வரவில்லை. அதனால் கதவிலும் வரவில்லை.

லாட்ஜுக்குத் திரும்பலாம். அதன் பெரிய சொத்து மொட்டைமாடி. காயப்போட்ட வேட்டிகளுக்கு நடுவே நின்றால், ஓட்டுக் கூரைகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே விமானம் முழுசாகத் தெரியும். ரிசர்வ் வங்கி 1954இல் ஆயிரம் ரூபாய் நோட்டில் அச்சிட்ட அதே விமானம். அந்த நோட்டை நான் கையால் தொட்டதில்லை. என் சம்பளத்துக்கு அது வேற்றுநாட்டுப் பணம். 1978 ஜனவரியில் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். வைத்திருந்தவர்கள் அலறினார்கள். மாடியிலிருந்து தெரிந்தது அதன்பிறகும் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தது, எட்டு ரூபாய்க்குள்.

இதை வைத்து அந்த லாட்ஜை ஒரு ஆசிரமமாக்க நான் தயாரில்லை. பொதுக் குளியலறைக்கு வெளியே வாளியோடு வரிசையில் நின்றதும், நள்ளிரவில் விளக்கைப் போட்டு மெத்தையைப் புரட்டியதும் மறக்கக்கூடியவை அல்ல. அங்கே ஒரு பெண் தங்கி நான் பார்த்ததில்லை. அது விற்பனைப் பிரதிநிதிகள், கோர்ட்டுக்கு வந்த மிராசுதார்கள், மாற்றலாகி வந்து வீடு பார்க்கும் குமாஸ்தாக்கள் ஆகிய ஆண்களின் உலகம். 'அந்தக் காலத்துத் தஞ்சாவூர்' என்று நாங்கள் பெருமூச்சு விடுகிறபோதெல்லாம், அந்தப் பெருமூச்சில் பாதி ஜனத்தொகை கணக்கில் வராது. என் மனைவியிடம் ஒருமுறை அந்த லாட்ஜின் அருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்னை ஒரு ராத்திரி அங்க கூட்டிட்டுப் போயிருந்தீங்கன்னா, அன்னைக்கே எங்க அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள்.

ஆனாலும் ஒன்று உண்டு. அந்த அறையில் உட்கார முடியாது என்பதால்தான் நான் தஞ்சாவூரைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் அறைக்குத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை. ஊரே விரிந்து கிடந்தது. பெரிய கோயில் புல்தரையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிடுவேன். இந்தப் புது ஓட்டல் அறை மேசையில் ஒரு பளபளப்பான அட்டை இருந்தது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று தங்க எழுத்தில் அதில் போட்டிருந்தார்கள். மாலை நேரங்களில் அந்த விழாத நிழலில் உட்கார்ந்துதான் நான் வேர்க்கடலை தின்றேன். வெயில் சாயச் சாய நிழல் நகரும். நானும் கூடவே நகர்வேன். பக்கத்தில் ஒரு வழிகாட்டி வெளியூர்க்காரர்களை அதே நிழலில் நிறுத்திவைத்து, நிழல் விழாத அதிசயத்தை விளக்குவார். அவர்கள் நெற்றியிலிருந்து கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். கை எடுக்க முடிந்ததே நிழலால்தான்.

மழை நாட்களில் அரண்மனைக் கலைக்கூடம். 1951இல் தொடங்கியது. அதே ஆண்டு திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகனர் அங்கே இருக்கிறார். 1011ஆம் ஆண்டுப் படிமம். தலையில் பாம்பைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலைக் குறுக்கே வைத்து, வலக்கையை ரிஷபத்தின் மேல் ஊன்றி நிற்கிறார். ரிஷபம் இல்லை. அது கிடைக்கவில்லை. இல்லாத மாட்டின் மேல் அவ்வளவு நம்பிக்கையோடு சாய்ந்திருக்கிற அந்த உடம்பைப் பார்த்துக்கொண்டே ஒரு மழை முழுவதும் நிற்கலாம். காவலர் நாற்காலியில் தூங்குவார்.

இந்த ஓட்டலின் வரவேற்புக் கூடத்திலும் ரிஷபவாகனர் இருந்தார். நல்ல நகல், முகத்தில் கூடச் சாந்தம் வந்திருந்தது. அவரைக் கல்லா மேசைக்கு ஒட்டினாற்போல நிறுத்தியிருந்தார்கள். விளைவு, ஆயிரம் ஆண்டுகளாகத் தேடிய மாடு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. சுவாமி வரவேற்பு மேசையில் முழங்கையை ஊன்றி, அறை காலியாக இருக்கிறதா என்று விசாரிக்கிற பாவனையில் நின்றார். அந்த வளைந்த கையில் யாரோ ஒரு கட்டைப்பையையும் மாட்டிவைத்திருந்தார்கள். கல்யாண வீடு, யாரைக் குறை சொல்வது?

எங்கள் அறைச் சுவரில் இருந்த தங்க ரேக்கு ஓவியத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதில் இரண்டு யானைகளும் ஒரு மயிலும் இருந்தன. நல்ல வேலைதான். ஆனால் எனக்குத் தெரிந்த தஞ்சாவூர்ப் படத்தில் சாமி இல்லாமல் நான் பார்த்ததில்லை. வெண்ணெய்க் கிருஷ்ணன், ராமர் பட்டாபிஷேகம், கஜலட்சுமி என்றுதான் வரும். லாட்ஜ் காலத்தில் என் அத்தைக்காக ஒரு கிருஷ்ணன் படம் சொல்லிவைக்க, ஊருக்குள் ஒரு ஓவியர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பலாப் பலகை. அதன்மேல் துணியை ஒட்ட புளியங்கொட்டைப் பசை. அதற்கு மேல் சுக்கான் மாவு பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பிறகு நகை, தூண், திரைச்சீலை வருகிற இடங்களில் மக்குவேலை, கல் பதித்தல், அதன்மேல் தங்க ரேக்கு. முகத்தைக் கடைசியில்தான் எழுதுவார். கண்ணைத் திறக்கிற அன்று வீட்டில் பேச்சுக் குறையும். அந்தப் பெரியவருக்கு என் அவசரம் புரியவே இல்லை. "கிருஷ்ணன் எங்கயும் போகமாட்டான், தம்பி. நீங்க மாயவரம் போயிட்டு வாங்க" என்பார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஊருக்குள் போய், அதே வழியில் வந்த ஒரு பட்டறையைத் தேடிப்பிடித்தேன். நடத்துகிறவருக்கு என் மகன் வயது. ஓட்டலின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். அந்த யானைகளும் மயிலும் அவர் கைவேலைதான்.

"மொத்தமா ஆர்டர் சார். அறைக்கு ஒண்ணு. முதல்ல சாமிப் படம்தான் வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். டிசைனரம்மா வேண்டாம்னுட்டாங்க. கட்டிலுக்கு எதிர்ல கிருஷ்ணர் உக்காந்துட்டு இருந்தா கெஸ்ட்டுக்குக் கூச்சமா இருக்குமாம். ரூமுக்கு பிரியாணி வேற வருது. சாமி இல்லாம தஞ்சாவூர்ப் படம் போடுங்கன்னாங்க. யானை போட்டேன்."

"கஷ்டமாக இல்லையா?"

"எதுக்கு சார் கஷ்டம்? கிருஷ்ணருக்கு முகம் வரலைன்னா பலகையே போச்சு. யானைக்கு அந்தப் பயம் கிடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பசங்க ரெண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கேன். யானை வந்ததாலதான் வச்சிருக்கேன்."

அவர் முன்னால் உட்கார்ந்து கலையின் புனிதம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் பொதுவாகப் பலகைக்கும் ரேக்குக்கும் காசு கொடுப்பதில்லை. மேலும், வாங்குகிறவன் கட்டிலுக்கும் கூச்சத்துக்கும் ஏற்பத் தஞ்சாவூர் தன்னை வரைந்துகொள்வது இது முதல் தடவையும் இல்லை. வெள்ளைக்காரர்கள் வந்த காலத்தில், இதே ஊர் ஓவியர்கள் சாமியை ஓரமாக வைத்துவிட்டு, துரைமார் ஊருக்கு எடுத்துப்போக ஜாதி ஜாதியாக, தொழில் தொழிலாகக் கணவன்-மனைவி ஜோடிகளைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தார்கள். தச்சனும் மனைவியும், வண்ணானும் மனைவியும், பாம்பாட்டியும் மனைவியும். இன்று அவை லண்டன் மியூசியங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. நம் யானைகள் டைல்ஸ் கடைக்கு எதிரே இருக்கின்றன. வித்தியாசம் ஒரு இருநூறு வருஷமும், கொஞ்சம் வெளிச்சமும்தான்.

அலங்கரித்த அறைக்குள் ஓர் ஊரை அடைத்துவைக்கிற யோசனைக்கு இங்கே ஒரு ராஜாவே முன்னோடி. இரண்டாம் சரபோஜி 1798இல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் நாட்டை எடுத்துக்கொண்டு, அவருக்குக் கோட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். ராஜ்யம் போனவர் அரண்மனையை நிரப்பத் தொடங்கினார். சரஸ்வதி மகாலில் ஏடுகளும், பல மொழிப் புத்தகங்களும் படங்களும் குவிந்தன. லண்டனில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிலையில் அவரே கைகூப்பி நிற்பதை இன்றும் பார்க்கலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகக் கடற்கரையில் மனோரா என்று எட்டடுக்குக் கோபுரம் வேறு கட்டினார். 1803இல் தம் வம்ச சரித்திரத்தை மராத்தியில் பெரிய கோயில் மதில் உட்புறம் முழுநீளக் கல்வெட்டாக வெட்டிவைத்தார். ராஜராஜன் வீட்டுச் சுவரில் தன் குடும்பக் கதையை எழுதியவருக்கு மூன்றாம் மாடி முழுவதையும் கொடுத்தது நியாயம்தான். அங்கிருந்து காபி கேட்டு போன் வந்ததும் நியாயம்தான்.

சுவர் விஷயத்தில் யாருமே உத்தமர் இல்லை. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியம் எழுதினார்கள். அறுநூறு வருஷம் கழித்து நாயக்கர்கள் அதன்மேல் சுதை பூசித் தங்கள் ஓவியத்தை எழுதினார்கள். கீழே ஒன்று இருப்பதே மறந்துபோனது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போனார். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்த சோழர் முகங்களைக் கண்டார். பிறகு தொல்லியல் துறை நாயக்கர் ஓவியங்களைச் சேதமில்லாமல் உரித்தெடுத்து, தனிப் பலகைகளில் பதித்துவைக்கிற வித்தையைச் செய்தது. அந்தச் சுற்றுக்குள் நம்மைப் போன்றவர்களைச் சாதாரணமாக விடுவதில்லை. காற்றும் மூச்சும் பட்டால் கெடும் என்பது காரணம்; சரியான காரணமும்கூட. ஆக நிஜ ஓவியத்தைப் பார்க்க அனுமதி இல்லை. அதன் படத்துக்குக் கீழே குறட்டை விட அனுமதி உண்டு. எங்கள் மாடி நடையில் சோழர் ஓவியத்து ஆடல் மங்கை ஒருத்தி ஆறடி உயரத்தில் இருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் பெரிய கோயிலுக்கு எத்தனையோ மாலைகள் போயும் அவளைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் கண்டுவிட்டார்கள்.

கோயிலுக்கு யார் யார் வருகிறீர்கள் என்று முதல்நாள் மாலையே கேட்டிருந்தேன். பத்து நிமிஷ தூரம்.

"வெயிலா இருக்கு மாமா," என்றான் தங்கை மகன். "அங்க செருப்பு வேற கழட்டணும். கல்லு சுடும். இங்கயே எல்லாம் இருக்கே."

எல்லாம் இருந்தது. சுடுகிற கல் மட்டும் இல்லை. அந்தச் சூட்டில் நுனிக்காலில் ஓடி நிழலைப் பிடிக்கிறவனுக்குத்தான் அந்தக் கோயில் எவ்வளவு பெரியது என்று உள்ளங்காலில் தெரியும். அட்டையில் எழுதிய அடிக்கணக்கில் அது தெரியாது. லாட்ஜ் என்னை வெளியே தள்ளியது. இந்த ஓட்டல் ஊரையே உள்ளே கொண்டுவந்து, வெளியே போகிற காரணங்களை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டது. விருந்தாளிக்குச் செய்யும் உபசாரத்தில் இதற்குமேல் ஒன்றுமில்லை. பழைய லாட்ஜ்காரர் உபசாரமே செய்யாமல் எனக்குத் தஞ்சாவூரைக் கொடுத்தார். அது தமக்கே தெரியாமல் செய்த தருமம். அதற்காக அவரைப் பாராட்டினால் அவரே பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கி, வாடகை பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பார்.

கணக்கை முடிக்கிற அன்று மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறீர்களே என்று சொன்னது முகஸ்துதி இல்லை. டைல்ஸ் கடைக்கு எதிரே ஒரு வீணையையாவது தொங்கவிட வேண்டும் என்று தோன்றியவர்கள், தோன்றாதவர்களைவிட எவ்வளவோ மேல்.

"இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் சார். அப்புறம் ரினவேஷன்," என்றார். "இப்ப வர்றவங்க எல்லாம் செட்டிநாடு கேக்கிறாங்க. ஆத்தங்குடி டைல்ஸ், தேக்குத் தூண், முற்றம். சோழர் கொஞ்சம் பழசாயிடுச்சு."

"அப்போ இந்த வீணை, பொம்மை, விமானமெல்லாம்?"

"விமானத்தை எடுக்க முடியாது சார், சுவத்தோட அடிச்சிருக்கு. அதுக்கு மேலேயே பலகை போட்டு மூடிடுவோம்."

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தெற்கேயிருந்து படையெடுத்து வந்து, தஞ்சாவூரைக் கொளுத்திவிட்டுப் போனான். இம்முறை தெற்கேயிருந்து வருகிறவர்கள் தச்சர்களோடும் டைல்ஸோடும் வருகிறார்கள், எரிக்காமல் மூடிவைக்கிறார்கள். நல்ல முன்னேற்றம். நான் மேலாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: பலகை அடிக்கிறபோது ஆணியைக் கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொல்லுங்கள். என்றைக்காவது ஒருவர் விளக்கோடு வந்து மேற்பூச்சைச் சுரண்டிப் பார்க்க மாட்டார் என்று இந்த ஊரில் யாரும் உறுதி சொல்ல முடியாது.

"செஞ்சுடலாம் சார்," என்றார். நந்தினிக்கு வெந்நீர் வராத இரண்டு நாளுக்கும் பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடியும் செய்தார்.